சாத்திய படலை

"...சாத்தினது நான்தான் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோப்பா, பிள்ளையை ஏன் முறைச்சுப் பாக்கிறார்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்ன குரல், இன்று நான் இருக்கும் அரபு நாட்டு அல் குசைஸில் பெருநாளுக்கு ஆடு ஏற்றிவந்த பிக்கப் ஒன்றின் வாடையோடு என் காதுக்குள் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துச் சாலையாக்கிவிட்ட அந்தக் குட்டி ஊரில் ஏழே வீடுகள். ஈரப் புல்லும் ஆட்டுக் கம்பளியும் எந்நேரமும் மணக்கும், காற்றடித்தால் வயல்வேலிக் கதவுகளான படலைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடும். யாழ்ப்பாணத்தில், திறந்த படலையைக் கண்டால் சாத்திவிட்டுத்தான் அம்மாவுக்கு மறுவேலை. இங்கிலாந்து வயல்களிலோ, திறந்திருப்பதைத் திறந்தபடியே விடவேண்டும் என்பது வழக்கம். அது தெரியாமல் அவள் ஒன்றைச் சாத்தப்போய், பண்ணைக்காரரின் ஆடுகள் கடும் வெயிலில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் கத்தியிருக்கின்றன.

அந்தப் படலையில் நான் தொங்கி ஆடுவதை முன்பே பார்த்திருந்த பண்ணைக்காரர், சாத்தியதும் நான்தான் என்று நினைத்து, எங்கள் வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தார். அப்பாவுக்கு வேலையும் எங்களுக்கு வீடும் தந்தவர் அவர்தான்.

"பேசாமல் இரும். ரெண்டு குட்டி எழும்பேலாமல் கிடக்குதாம். வீட்டை விடு எண்டால் எங்கை போறது?" என்று அப்பா அம்மாவிடம் அடிக்குரலில் சீறினார்.

"குட்டி கிடக்குது, இஞ்சை நிண்டு என்ன கதை?"

அப்பா இங்கிலீஷில் வாய் திறப்பதற்குள், அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்றவரை விலத்தி, செருப்புமில்லாமல் வயலுக்கு நடந்தாள்.