லாபம், ரெண்டு, மூணு

தேவானை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுகிறாள். பார்த்து வீசக் கூடாது என்பது விதி. பார்த்தால் கை தானாக நண்டு நிறைந்த இடத்துக்குப் போகும். அப்புறம் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. முதல் நாள் இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மீன் வாங்கச் சொல்ல நல்ல கூறாப் பாத்துதான கை வெப்பே? இது இன்னா, கண்ணக் கட்டிக்கினு வாங்குற யாவாரம்?" இப்போது சட்டம் விழுந்த இடத்திலிருந்து அரையடி தள்ளி நண்டுக் கூட்டம் தெரிந்தாலும் அதைக் காலால்கூட நகர்த்த மாட்டாள்.

அடையாறு கடலில் கலக்கிற முகத்தில், உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம், மூன்று ஏக்கர் சேறு. மாதத்தில் இரண்டு காலைகள், தண்ணீர் வற்றும் நேரத்தில், ஓர் ஆய்வுக்காகச் சட்டம் அதில் மொத்தம் நாற்பது தடவை விழும். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். அதற்குள் இருக்கும் நண்டு, நத்தை, மட்டிச் சிப்பி எல்லாவற்றையும் தேவானை எண்ணிச் சொல்ல வேண்டும். ஐந்தாறு எட்டு தள்ளி, உடைந்த கான்கிரீட் பாளத்தில் உட்கார்ந்து ஸ்ரீரஞ்சனி நோட்டில் எழுதிக்கொள்வாள். மயிலாப்பூர்க்காரி; கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருபவள். இருவருக்கும் வயது நாற்பத்தாறு என்பது தெரிந்த நாளிலிருந்து பேச்சில் கொஞ்சம் கிண்டல் கலந்துவிட்டது.

தேவானை உடனே எண்ண மாட்டாள். கிழிந்த கோணியை மடித்துப் போட்டு மண்டியிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருப்பாள். முதலில் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு வளையிலிருந்து இரண்டு கண்கள் குச்சிபோல எட்டிப் பார்க்கும். அப்புறம் சேறே கொதிப்பது மாதிரி இருக்கும். நகத்தளவு நண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பெரிய கையைத் தூக்கித் தூக்கி இறக்கும். ஒருநாள் ஒரே சட்டத்தில் அறுபத்துமூன்று.

"இம்மாம் எடத்துல அறுவத்தி மூணு குடித்தனம். எங்க பழைய லைன் வூட்டுலகூட இவ்ளோ நெருக்கம் இல்ல."

"எங்க மாட வீதியில அறுபத்துமூவர் அன்னிக்குத்தான் இந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

வலையோடு படகில் போகும் புகழேந்தி இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டான். "இன்னாக்கா, இன்னும் சேத்த எண்ணிக்கினு கீறியா? எவ்ளோ தேறிச்சு?"

"உன் வலையில வுழுந்தத வுட அதிகம்தான். போ போ."

தண்ணீரின் உப்பை அளக்க ஒரு குழாய் உண்டு. ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் எண் தெரியும். அதற்கு முன்பே தேவானை ஆற்றுத் தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, "பதினெட்டு" என்பாள். குழாய் பதினேழு காட்டும். ஒரே ஒரு தடவை நாலு வித்தியாசம் வந்தது. "உன் கண்ணாடியத் தொட" என்றாள். துடைத்துப் பார்த்தபோது குழாய் அவள் வழிக்கு வந்தது.

எண்ணும்போது அவள் வாயில் 'ஒன்று' வராது. "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுடைய அம்மா இதே சேற்றில் மட்டி பொறுக்கிப் படியால் அளந்து விற்றவள். முதல் படியை லாபம் என்று சொல்லித்தான் போடுவாள். ஒன்று என்று வாய்விட்டுச் சொன்னால் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். அது மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. சட்டத்துக்குள் எதுவுமே இல்லாவிட்டால் "மண்ணு" என்பாள்.

செப்டம்பர் மாதத்து இரண்டு காலைகளில் முதலாவது. ஸ்ரீரஞ்சனி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ஆய்வு நடத்தறவா இந்த எடத்தை விட்டுடப் போறாளாம், தேவானை. அடுத்த மாசத்துலேர்ந்து முட்டுக்காட்டுல எண்ணப் போறா. அங்க வேற ஆளாம்."

"இன்னாத்துக்கு?"

"நண்டு எந்த அழுக்குலயும் இருக்குமாம். மட்டி திரும்பி வந்தாத்தான் அடிமண்ணு தேறிண்டு வரதுன்னு அர்த்தம். இங்க ஏழு மாசமா மட்டிக்கு முட்டைதான். ஒண்ணுகூட இல்ல."

தேவானை முந்தானையை இழுத்துச் செருகினாள். இந்தக் கரையில் இருந்த வீடு தொலைவில் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்குப் போன பிறகு, பிறந்து வளர்ந்த இந்தச் சேற்றில் கால் வைக்க அவளுக்கு இருப்பது இந்த இரண்டு காலைகள்தான். அதைவிட, இங்கே எதுவும் இல்லை என்ற பேச்சுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்லன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான்."

சேற்றில் இறங்கிச் சட்டத்தை வீசினாள். நண்டு, நத்தை முடிந்தது. கையை மணிக்கட்டு வரை சேற்றில் விட்டு, தலை வாருவதுபோல ஐந்து விரலாலும் ஓரம் ஓரமாக வகிர்ந்துகொண்டே வந்தாள். மூன்றாவது வகிர்வில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பாக்களவு மட்டி, உயிரோடு. வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"லாபம்" என்று குரல் கொடுத்தாள். வழக்கமாக அதை அப்படியே மண்ணில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவாள். இன்றைக்கு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராகப் பாளத்துக்கு நடந்தாள். நோட்டில் மை காயவில்லை. ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

"இன்னா டீச்சர்மா, மட்டி கையில கீது, நீ முட்டை போட்டு வெச்சிக்கினு கீறே?"

"நீங்க நம்பரே சொல்லலையே."

"லாபம்னு கத்துனேனே."

"அது எண்ண ஆரம்பிக்கறச்சே சொல்றதுன்னா? பிள்ளையார் சுழி மாதிரி."

"புள்ளையார் சுழியா? அப்போ நான் ரெண்டுன்னு எடுக்குறேனே, அதுக்கு முன்னால இன்னா பூட்ச்சு?"

லாபம் என்பதே அவளுடைய ஒன்று என்பது ஸ்ரீரஞ்சனிக்கு அப்போதுதான் விளங்கியது. நண்டிலும் நத்தையிலும் தவறு நேரவில்லை. அவை பத்து, முப்பது என்று போகும், கடைசி எண்ணை எழுதினால் போதும். மட்டிதான் இதுவரை ஒரு சட்டத்துக்கு ஒன்றைத் தாண்டி அகப்பட்டதில்லை. லாபத்தோடு நின்றுபோன அத்தனை மட்டியும் பூஜ்யமாக ஏறியிருந்தது.

"லாபம்னு காதுல விழுந்தா ஒரு புள்ளி வெச்சுப்பேன், ஆரம்பிச்சாச்சுன்னு" என்று சொல்லிக்கொண்டே அவள் நோட்டைப் பின்னால் புரட்டினாள். மண்ணு என்று சொன்ன இடங்களில் புள்ளி கிடையாது. பிப்ரவரி முதல் மே வரை வெறும் பூஜ்யங்கள். ஜூனில் இரண்டு பூஜ்யங்களுக்குப் பக்கத்தில் புள்ளி. ஜூலையில் ஐந்து. ஆகஸ்டில் பத்து.

ஓரத்தில் கணக்குப் போட்டாள். நாற்பது சதுர மீட்டரில் பத்து. சேறு மொத்தம் பன்னிரண்டாயிரம் சதுர மீட்டர். பேனா நின்ற பிறகு, கர்ப்பகிருகத்துக்கு எதிரே நிற்பவள்போலக் குரல் தாழ்ந்து, "மூவாயிரம்" என்றாள்.

"இன்னா மூவாயிரம்?"

"மட்டி. இதுக்கு அடியில. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்."

தேவானை சேற்றைப் பார்த்தாள். எப்போதும் போலக் கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, ஒன்றுமே தெரியாததுபோலக் கிடந்தது. ஒரு காலைத் தூக்கியவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

ஸ்ரீரஞ்சனி ஆய்வை நடத்தும் நெடுஞ்செழியனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "புள்ளிய வெச்சு அறிக்கை எழுத முடியாதும்மா" என்றது ஸ்பீக்கர். "இன்னைக்கும் நாளைக்கும் எண்ணுங்க. மட்டி இருந்தா அந்த எடமும் இருக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் கெஞ்சுவதுபோலச் சொன்னாள். "தேவானை, ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒண்ணுன்னே சொல்லிடுங்கோ."

தேவானை தலையாட்டினாள். மட்டியை எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டிச் சட்டத்தை வீசினாள். மண்டியிட்டாள். நண்டு, நத்தை எல்லாம் சொல்லி முடித்துக் கையைச் சேற்றில் விட்டாள். நான்காவது வகிர்வில் விரல் நின்றது. மிச்ச இடத்தையும் விடாமல் துழாவினாள். இன்னொன்று இல்லை.

பாளத்தில் ஸ்ரீரஞ்சனி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். தேவானையின் உதடு ஒரு தடவை குவிந்து பிரிந்தது.

"லாபம்" என்றாள். சேறு வழியும் ஆள்காட்டி விரலை மட்டும் நேராகத் தூக்கி, ஸ்ரீரஞ்சனி எழுதி முடித்து நிமிரும் வரை இறக்காமல் பிடித்திருந்தாள்.