கைகூப்பாத பிள்ளை

எங்கள் தெருவில் சுனில்டாவிடம் ஆசீர்வாதம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மற்றப் பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் கைகூப்பி "ஆசீர்வாதம்" என்று முனகினால் போதும். அவர்களும் வேறெங்கோ பார்த்துக்கொண்டே காற்றில் ஒரு சிலுவை போட்டு அனுப்பிவிடுவார்கள். சுனில்டா அப்படி விடமாட்டாள். கூப்பிய கையைப் பிரித்து, உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாம் பார்த்த பிறகுதான் தலையில் கை வைப்பாள்.

"என்ன சித்தி, கையில எதையாவது கடத்திட்டா போறேன்?" என்று மளிகைக்கடைக்காரர் மகன் ஒருநாள் கேட்டான்.

"அழுக்கக் கடத்திட்டுப் போற. கழுவிட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

நானும் அவளும் மூலையில் மாமரத்தடியில் உரல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். புதினா, எலுமிச்சம்புல், இன்னும் பத்துவகைப் பச்சிலை. கேட்பதை இடித்து ஃபிளாஸ்க்கில் போட்டு ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுப்போம். அந்தத் தண்ணீரைத் தேயிலை மாதிரி ஒரு இலைத்தூளில் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவதுதான் தெரரே. அது இல்லாமல் எங்கள் தலைநகர் அசுன்சியோனில் ஒரு ஆபீசும் திறக்காது, ஒரு சண்டையும் தொடங்காது. அதனால் இந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருவது எப்போதும் அந்த வீட்டின் சின்னப் பெண்தான். வீட்டுப் பெண் இல்லை, வளர்ப்புப் பெண்.

வேலைக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாக்கு கூசும். நாட்டுப்புறத்து ஏழைகள் பிள்ளையை நகரத்தில் வசதியான வீட்டுக்கு வளர்க்கக் கொடுப்பார்கள். வீட்டுக்காரி ஞானத்தாய் ஆகிவிடுவாள். சோறு போடுவாள், துணி கொடுப்பாள், பள்ளிக்கு அனுப்புவாள். பிள்ளை வீட்டில் கொஞ்சம் ஒத்தாசை செய்யும். இந்தக் 'கொஞ்சம் ஒத்தாசை' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உலக்கையைத் தூக்கி எறியத் தோன்றும்.

சுனில்டாவும் அப்படி வந்தவள்தான். இதே தெருவில் நெலிடா அம்மாள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். யூத்திப் பக்கம் ஏதோ கிராமம், அப்பா இல்லை, அம்மா எவுலோகியா மரவள்ளி போட்டுப் பிழைக்கிறவள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பின்னால் நிமியா என்று ஒரு தங்கை. தங்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாய் மூடாது.

"நிமியாவுக்கு ர வராது. என்னையே சுனில்தான்னுதான் கூப்பிடுவா," என்பாள்.

"ர-வுக்கும் உன் பேருக்கும் என்னடி சம்பந்தம்?"

"ட-வும் வராது." சிரிப்பாள். முன்பல் ஒன்று இல்லை.

விடிவதற்குள் எழுந்து அடுப்பு, பிறகு பாத்திரம், துணி, கைக்குழந்தை. பள்ளிக்கூடம் மாலை வகுப்பில் சேர்த்தார்கள். பெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னதும், "படிப்பு ஏறல" என்று நிறுத்திவிட்டார்கள். நெலிடா அம்மாளிடம் நான் ஒருமுறை நேருக்கு நேர் கேட்டேன். "பச்சிலை இடிக்கிற வேலையப் பாரு, டெயோலிந்தா," என்றாள். இரண்டு மாதம் என்னிடம் வாங்கவில்லை. போனால் போகட்டும் என்று விட்டேன்.

பதினோரு வயதில் ஒருநாள் ஸ்டூல் மேல் ஏறி நின்று இறைச்சி பொரிக்கும்போது, வாணலி சாய்ந்து கொதிக்கிற எண்ணெய் வலது கையில் கொட்டியது. பற்பசையைத் தடவித் துணியைச் சுற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இல்லை. கேள்வி வரும் அல்லவா. என்னிடம் வந்தபோது துணி சதையோடு ஒட்டியிருந்தது. கற்றாழை மடலைக் கீறி நான் வைத்தது ஆற்றியது உண்மை, ஆனால் இரண்டு விரல்கள் ஒட்டி வளைந்துவிட்டன. கைகூப்பினால் உள்ளங்கைகள் சேராது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் எவுலோகியா மகளைப் பார்க்க வந்தாள். எல்லோரும் ஊருக்குப் போகிற வாரம், நானும் போயிருந்தேன். நடந்ததைப் பிறகு சுனில்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையிலேயே நெலிடா அம்மாள் தன் மகளுடைய சரிகை வைத்த கவுனை அவளுக்குப் போட்டுவிட்டாள். தலைவாரி ரிப்பன் கட்டினாள். பிறகு முகவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கையப் பின்னாடி கட்டிக்க. உங்கம்மா இதப் பாத்தா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவா. போயிக்க, எனக்கொண்ணும் இல்ல. ஆனா உங்கம்மா எனக்கு ஒரு பொண்ணு தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கா. நீ இல்லைன்னா உன் தங்கச்சி. புரியுதா?"

சுனில்டாவுக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று ராத்திரி பகலாக ஏங்கியவள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எவுலோகியா வாழையிலையில் வைத்துச் சுட்ட சீபா ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அவள் செய்த ரொட்டி, அவள் வீட்டுப் பாலாடைக்கட்டி. மகள் ஓடி வந்து கைகூப்புவாள் என்று வாசலில் நின்றாள். எங்கள் ஊரில் குடிகாரன்கூட அம்மாவைக் கண்டால் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்புவான். பிள்ளை அசையவில்லை.

"ஏன்டி, அம்மாகிட்ட ஆசீர்வாதம் கேக்க மாட்டியா?"

சுனில்டா தரையைப் பார்த்தாள். நெலிடா அம்மாள் சிரித்தாள். "டவுன் பிள்ளை ஆயிட்டா, எவுலோகியா. இதையெல்லாம் மறந்துட்டா. மனசுல வச்சுக்காத."

எவுலோகியா ரொட்டியை மேசை மேல் வைத்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் படி இறங்கிவிட்டாள். அந்த ரொட்டியைச் சுனில்டா தொடவில்லை. வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

தாய் பஸ்ஸில் அழுதுகொண்டே போயிருப்பாள். ஆனால் அழுகை எத்தனை நாளைக்கு? ஊருக்குப் போனதும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. சரிகைக் கவுன், ரிப்பன், பளபளக்கிற தரை. பெற்றவளை மறக்கிற அளவுக்கு மகள் சுகமாக இருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒருத்தி நன்றாக இருக்கிறாள், இன்னொருத்தி ஏன் மண்ணில் கிடந்து மரவள்ளி பிடுங்க வேண்டும்? அந்தக் குளிர்காலத்தில் மாட்டு வியாபாரத்துக்கு வந்த ஒரு தம்பதி, குழந்தை இல்லாதவர்கள், நல்லபடியாகப் பேசினார்கள். அசுன்சியோனில் பெரிய சந்தைக்குப் பின்னால் வீடு என்றார்கள். எவுலோகியா நிமியாவுக்கு முகம் கழுவி, ஜீப்பில் ஏற்றிவிட்டாள். குழந்தைக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

அடுத்த புனித வாரம் எனக்குக் கால் சுளுக்கி ஊருக்குப் போகவில்லை. கையில் இரண்டு முடிச்சு ரொட்டியோடு ஒரு பெண் என் உரலுக்குப் பக்கத்தில் வந்து தடாலென்று உட்கார்ந்தாள். சந்தைக்குப் பின்னால் காலையிலிருந்து வீடு வீடாகத் தட்டியிருக்கிறாள். அப்படி ஒரு தம்பதியை அங்கே யாரும் கண்டதில்லை, கேட்டதுமில்லை.

"மூத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே ஊர்லதான இருக்காங்க. பாத்திருப்பா, இல்ல?"

ஆறு வயதுக் குழந்தையைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளிடம் அசுன்சியோன் எவ்வளவு பெரிது என்றா சொல்ல முடியும்? அதற்குள் சுனில்டா ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டாள். அம்மாவைக் கண்டதும் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அன்றைக்குக் கையை மறைக்கச் சொல்ல யாரும் கூட இல்லை.

"ஆசீர்வாதம், அம்மா," என்று கைகூப்பினாள். கை சேரவில்லை.

எவுலோகியா அந்தக் கையையே பார்த்தாள்.

"இது எப்போ?"

"போன வருஷம். நீ வர்றதுக்கு முன்னாடி."

"ஏன்டி காட்டல?"

"காட்டினா நிமியாவ அனுப்பச் சொல்வாங்களாம்."

எவுலோகியாவின் வலது கை ஆசீர்வாதம் கொடுக்கப் பாதி தூரம் மேலே வந்திருந்தது. அது அப்படியே மடியில் விழுந்தது. அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அதையெல்லாம் செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்ன ஆசீர்வாதம் பண்ணுவேன்," என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல், கட்டிய துணியோடு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நிமியாவுக்குக் கொண்டுவந்த ரொட்டி முடிச்சு என் உரல் பக்கத்திலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு எவுலோகியா யாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்ததில்லையாம். ஊர்ப் பிள்ளைகள் கைகூப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். சாகும்போதுகூடச் சுனில்டா கட்டிலருகில் கைகூப்பி நின்றிருக்கிறாள். அப்போதும் தாயின் கை மேலே வரவில்லை.

அம்மாவைப் புதைத்துவிட்டுச் சுனில்டா அசுன்சியோனுக்கே திரும்பி வந்தாள், தங்கையைத் தேடி. சந்தை, பேருந்து நிலையம், போலீஸ், வானொலி, ஒன்றும் பாக்கியில்லை. தேடிக் களைத்து என் பக்கத்தில் ஒரு உரலைப் போட்டு உட்கார்ந்தாள். கிளம்பவில்லை. இப்போது அவள் தலையும் நரைத்துவிட்டது.

எதிர்வீட்டுக்குப் போன வருஷம் ஜிசெல் என்று ஒரு பெண் வந்தாள். பத்து வயது. இப்போதெல்லாம் இதற்குச் சட்டம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது. ஜிசெல்லும் இருக்கிறாள். ப்ளீச்சில் வெந்து கை தோல் உரிந்திருந்தது. சுனில்டா புகார் கொடுத்தாள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, எதிர்வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தெரரே குடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தெரரேவுக்குப் பச்சிலை இடித்தவள் நான்தான்.

"உங்கம்மா வரும்போது கையக் காட்டு," என்று சுனில்டா அவளிடம் தினமும் சொன்னாள். "யார் என்ன சொன்னாலும் மறைக்காத. கைகூப்பு. அவ பாக்கட்டும். பெத்தவ பாத்தா விட்டுட்டுப் போக மாட்டா."

இந்தப் புனித வாரத்தில் ஜிசெல்லின் தாய் வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஜிசெல் வாசலிலேயே கைகூப்பினாள். சுனில்டா இடிப்பதை நிறுத்திவிட்டாள். அந்தத் தாய் பிள்ளையின் கையை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்தாள். சுனில்டா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அவர்கள் உள்ளே போனார்கள். மத்தியான பஸ்ஸுக்குத் தாய் வெளியே வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

மறுநாள் ஜிசெல் ஃபிளாஸ்க்கோடு வந்தாள்.

"அம்மா பாத்தாங்களா?" என்று தெரிந்தும் கேட்டாள் சுனில்டா.

"பாத்தாங்க. கத்தாழை தடவிக்கச் சொன்னாங்க. அடுத்த வருஷம் வர்றாங்களாம்."

சுனில்டா கற்றாழை மடலை எடுத்துக் கீறினாள். வளைந்த விரல்களால் மெல்லத் தடவிவிட்டு, தலையில் கை வைத்து அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் கையக் காட்டியிருந்தாலும் எங்கம்மா விட்டுட்டுத்தான்..."

என்னை வாயாடி என்று இந்தத் தெருவே சொல்லும். நான் அவளுடைய உரலை என் பக்கம் இழுத்து, அவளுக்குப் பதிலாக இடிக்க ஆரம்பித்தேன்.