ஐப்பசி முறை

முக்காணிப் பாலத்தில் ஏறும்போது மழை விட்டிருந்தது. புன்னைக்காயலை விட்டுத் தூத்துக்குடிக்கு நடந்துகொண்டிருந்தேன். அங்கே ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பலசரக்குக் கடைக்கார அண்ணாச்சியிடம் என் ஐப்பசி மாதத்தை விற்றுவிடுவது என்று காலையில் முடிவு செய்திருந்தேன். ஆத்தூர் வருவதற்குள் அந்த முடிவு இரண்டு தடவை மாறி, பாலத்தின் மேல் மறுபடி பழையபடி ஆகியிருந்தது.

மாதத்தை விற்பது என்றால் இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்தபோது, கடலில் தடுப்புச் சுவருக்குக் கல் இறக்கும் கூட்டத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து புன்னைக்காயல் கடலோரத்தில் ஓர் ஓட்டு வீடு வாங்கினோம். குடியிருக்க அல்ல. பணக்காரர்கள் கோடைக்கு மலைக்குப் போவதுபோல, ஆளுக்கு வருடத்தில் ஒரு மாதம் போய்ச் சும்மா இருக்க. யோசனை எங்கள் மேஸ்திரியுடையது. பகலெல்லாம் கடலில் கல்லைக் கொட்டிவிட்டு ஓய்வுக்கும் கடலுக்கேயா போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஐப்பசி விழுந்தது. மழை மாதம். எழுத்து எதுவும் கிடையாது, ஒரே ஒரு சாவிதான். அடுத்த மாதம் பிறக்கும் காலையில் குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டு, சாவியை அடுத்தவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும்.

கல் வேலை முடிந்ததும் நான் ஊர் ஊராக அலைந்தேன். கொச்சியில் ஒரு மரக்கடை, பிறகு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டையும் ஐப்பசிக்காக விட்டு வந்தேன். திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றான். புன்னைக்காயலில் நான் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு ஒழுகும் இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைப்பேன், கருவாடு சுட்டுத் தின்பேன், தூங்குவேன். மற்ற மாதங்களில் நான் படுத்த இடங்களிலெல்லாம் யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லலாம். அங்கே யாரும் சொல்ல முடியாது. அதற்காக வருடா வருடம் ஒரு வேலையை விடலாமா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கார்த்திகை முறை ஓர் அக்காவுடையது. எங்களோடு கல் இறக்கிய அவர் கணவர், அதற்கு முன் சங்கு குளித்தவர், இறந்துபோனபின் முறை அக்காவுக்கு வந்தது. நான் கிளம்பிய அன்று கார்த்திகை ஒன்று; காலையில் முதல் பஸ்ஸிலேயே பாயும் சட்டியுமாக வந்து இறங்கினார்.

“தண்ணி நெறச்சு வச்சிருக்கியால?”

“நெறச்சாச்சுக்கா.”

“அண்ணாச்சி ஒன் முறையக் கேக்காராமே, விக்கப் போறியா?”

“யோசிக்கேன்.”

“வித்துரு. ஒரு மாசம் மழையப் பாத்துக்கிட்டுக் கெடக்க ஒனக்கு என்ன விதி?” வாசல்வரை வந்தவர் நின்றார். “ஆனா அந்த அண்ணாச்சி குடும்பத்தோட வந்தா ஒண்ணாந்தேதி காலி பண்ணுவாராக்கும்? நான்லா மழையில வெளிய நிக்கணும்.”

“அப்ப விக்க வேண்டாங்கியளா?”

“நான் எங்கல சொன்னேன்? சாவியத் தா.”

கொடுத்தேன். அவர் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். நான் நடந்தேன்.

பழையகாயலில் ஓர் உப்பு லாரி ஏற்றிக்கொண்டது. மத்தியானம் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி புளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“வால. விக்கியா?”

“நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?”

“வாங்குதவன்ட்ட வந்து கேக்கான் பாரு. என் தம்பியா இருந்தா விக்காதன்னுதான் சொல்லுவேன். வேற எவனும் விக்க மாட்டேங்கான்லா.”

“அப்ப வேண்டாமா?”

“வித்தா எனக்கு வில்லு. அந்த வீட்டப் பாத்த நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரி என்னைய உறங்க விட மாட்டேங்கா.”

“சரி, எடுத்துக்கிடுங்க” என்றேன். காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை.

அவர் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். “சாவிய எடு.”

மடியைத் தடவினேன். அப்போதுதான் உறைத்தது.

“அக்காட்ட குடுத்துட்டேன்.”

“எப்ப?”

“காலைல. இன்னைக்கு ஒண்ணாந்தேதில்லா.”

அவர் புளி வாங்க நின்றவரிடம் திரும்பினார். “சாவியக் குடுத்துட்டு வந்து வீட்ட விக்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்.” பிறகு என்னிடம், “கையில சாவி இல்லாம நான் போய் நின்னா மத்த பதினோரு பேரும் உள்ள விடுவாங்களா? இனி அடுத்த ஐப்பசிக்குத்தான் அது ஒன் கைக்கு வரும். அப்பயும் விக்கணும்னு இருந்தா வா.”

எனக்கு வருத்தமா நிம்மதியா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அண்ணாச்சி பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குக் கடை வாசலில் சாக்கு விரித்துப் படுத்தேன். கடை திறக்கும்போது எழுப்பினார்கள்.

பழைய துறைமுகத்தில் கொழும்புக்குப் போகிற தோணி ஒன்றில் பண்டாரி வேலைக்கு ஆள் தேடினார்கள். பண்டாரி என்றால் தோணிச் சமையல்காரன். தோணியை ஓட்டுகிற தண்டல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சோறு பொங்குவியால?”

“பொங்குவேன்.”

“ரசம்?”

“சுமாரா வைப்பேன்.” பிறகு, “அடுத்த ஐப்பசி பொறக்கும்போது என்னையக் கரையில விட்டுருவியளா?” என்று கேட்டேன். எந்த வேலைக்கும் நான் அப்படிக் கேட்டுச் சேர்ந்ததில்லை. விற்கவா, போய்ப் படுக்கவா என்று அவர் கேட்கவில்லை.

“நேத்துதான் கார்த்திகை பொறந்திருக்கு, இவன் அடுத்த ஐப்பசிக்கு லீவு கேக்கான்” என்று உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார். “அதெல்லாம் விட்டுருவோம். ஏறு. மொதல்ல அரிசியக் களை.”

ஏறினேன். அரிசியில் கல் நிறையக் கிடந்தது.