என் வீட்டுக்காரர் பெயரில் வைத்த மன்றாட்டு

சகோதரிகளே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பீடி குடித்தவள். ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

ரெட்டியார்பாளையத்தில் சித்தாளாக வேலை பார்த்தேன். என் இரண்டாவது குழந்தை பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோனது. பால் கட்டிய மார்போடு செங்கல் சுமக்கப் போனேன். அழக்கூட நேரமில்லை. கூட வேலை செய்த ஒருத்தி, "ஒரு இழுப்பு இழு, மனசு ஆறும்" என்று தந்தாள். ஆறியது உண்மைதான். அப்புறம் அது இல்லாமல் ஆறவே இல்லை.

ஆறு வருடம் கக்கூசுக்குள் ஒளிந்து குடித்தேன். கொய்யா இலையை மென்று நாற்றத்தைப் போக்குவேன். விட்டுவிடுகிறேன் என்று மாதாவிடம் காலையில் சத்தியம் செய்வேன், மதியத்துக்குள் உடைந்துவிடும். நான் கெட்டவள், அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று மனம் குத்திக்கொண்டே இருக்கும். செத்துவிடலாம் போலிருந்தது.

2006 தவக்காலம். எங்கள் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடும் அன்பியச் செபத்தில் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "எங்க வூட்டுக்காரரு பீடிய வுடணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், பீடியைத் தொட்டதே கிடையாது. அன்றுமுதல் தெருவே அவருக்காக வேண்டியது.

நான்காம் வாரம் கூட்டம் எங்கள் வீட்டில். அவர் பெயின்ட் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். செபத்தை நடத்தும் ரோசலி அக்கா நேராகவே கேட்டார். "இன்னா தம்பி, பீடிய வுட்டியா இல்லியா? இவ்ளோ பேரு வேண்டிக்கிறோம்."

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னும் முடியலக்கா. ரொம்பக் கஷ்டமா கீது. திட்டாம வேண்டிக்கிங்க."

அப்போதுதான் புரிந்தது, இவருக்கு எல்லாமே தெரியும், எப்போதோ தெரியும் என்று. பாயிலேயே விழுந்து அழுதேன். "அவரு இல்லக்கா, நான்தான்." குழந்தையைப் பற்றியும் சொன்னேன். ஆறு வருடத்து அழுகை. யாரும் முகம் சுளிக்கவில்லை. ரோசலி அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றே விட்டேன் என்று சொல்ல மாட்டேன், சொன்ன பொய் போதும். வீட்டுக்காரரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கை நடுங்கினால் அக்கா வீட்டுக்கு ஓடுவேன், பேசிக்கொண்டே கீரை ஆய்வோம். இரண்டு தடவை சறுக்கினேன். கிறிஸ்துமஸுக்குள் நின்றுவிட்டது. இப்போது மூச்சு வாங்காமல் படி ஏறுகிறேன். கல்லறைத் திருநாளில் இருவரும் போய்ப் பிள்ளைக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறோம். துக்கம் இருக்கிறது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது.

நான் ஆளை மாற்றிச் சொல்லியும் ஆண்டவர் சரியான ஆளிடம்தான் வந்தார். அவருக்கு நன்றி. உங்களில் என்னைப் போல ஒருத்தி இருந்தால், பயப்படாதே அம்மா. உன் பெயரைச் சொல்லியே கேள்.