நசுங்கின வட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாட்டில் கம்பெனி. அங்கே வேம்புலியம்மாளுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலைதான். டியூப்லைட் பலகை முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகரும் பாட்டில்களில் கோணலானதைப் பொறுக்கி எறிய வேண்டும்.

எண்பத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சங்க மன்றத்தில் வெளிநாட்டு அனிமேஷன் படம் ஒன்று காட்டினார்கள். பேச்சில்லை, பாட்டில்லை, ஆளே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வட்டங்கள் பத்து நிமிஷம் நகர்ந்துகொண்டே இருந்தன. நசுங்கின வட்டம் வந்தபோதெல்லாம் வேம்புலியம்மாளின் கை தானாக எழுந்தது.

படப்பெட்டி கொண்டுவந்தவர், முடிந்ததும் அர்த்தம் கேட்டார். காலம் என்றார் ஒருவர். முதலாளித்துவம் என்றார் இன்னொருவர்.

"நசுங்கினது ஒண்ணேதான் சார். எடப்பக்கம் சொட்டை. அதே ஒண்ணு நாலு தபா வந்துச்சு. மத்ததெல்லாம் போனது போனதுதான்" என்றாள் வேம்புலியம்மாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் கீது. நீ இன்னாத்த கண்ட?" என்று சிரித்தார் ஃபிட்டர் கஜபதி.

அவளுக்குச் சுருக்கென்றது. "பதினோரு வருசமா பொறுக்கிகினு கீறேன், எனக்குத் தெரியாதா? திரும்ப ஓட்டச் சொல்லு அண்ணாத்தே, பாத்துடலாம்!"

ஓட்டினார்கள். இம்முறை மொத்தக் கூட்டமும் அந்தச் சொட்டைக்காகவே காத்திருந்தது. இரண்டாம் தரம் வந்தபோது கைதட்டல். மூன்றாம் தரம் விசில். நான்காம் தரம் அது தனியாகத் திரைக்குள் நுழைந்தபோது, கதாநாயகனைக் கண்டதுபோல் மன்றமே எழுந்து நின்றது. முதலில் எழுந்தவர் கஜபதி.

வேம்புலியம்மாள் எழவில்லை. ராணி மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோணலைப் போகவிட்டாள்.