ஆசிரியர் அறையில் சீனி இல்லாத நாள்

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இல்லாதவர்கள் சிறுபான்மையினர். நாற்பதைத் தாண்டிய எங்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் ஏதோ ஒரு குளிசையை விழுங்கிவிட்டுத்தான் பாடம் நடத்த வருகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைவிட எங்கள் கிளினிக் துண்டுகளைப் பற்றிய கதைதான் சூடாக நடக்கும். குரக்கன் பிட்டு யாருக்குச் சரிவந்தது, குறிஞ்சாக் கஞ்சி யாருடைய வயிற்றைக் குழப்பியது, ரிசல்ட் நன்றாக வருவதற்காக முதல் நாள் இரவு பட்டினி கிடந்தது யார் என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்த விஷயத்தில் எங்களுக்குத் தலைவி கணித ஆசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவருடைய வாப்பாவும் உம்மாவும் சீனியால்தான் மவுத்தாகிப் போய்ச்சேர்ந்தார்கள் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒருநாள் மேசையிலிருந்த சீனிப் போத்தலை எடுத்து, அப்படியே காவலாளியின் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு சின்ன டப்பாவை வைத்தார். தேநீருக்குள் போட்டால் இனிப்பாகிற, உடம்பில் சீனி ஏற்றாத குளிசைகள். அன்றிலிருந்து எங்கள் பிளேன்டீ அந்தக் குளிசையில்தான் இனித்தது. வேறு பாடசாலைகளிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த டப்பாவைப் பெருமையாகக் காட்டுவோம்.

நான் தரம் எட்டுக்கு வகுப்பாசிரியையாக இருந்த வருடத்தில் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாள். மெலிந்த பிள்ளை. வெள்ளைப் பர்தாவுக்குள் முகம் இன்னும் சிறிதாகத் தெரியும். கூடவே அவளுடைய உம்மா வந்திருந்தார். வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுக்கிறவர், கணவர் கட்டாரில் வேலை செய்கிறவர். என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், மகளுக்குச் சீனி வருத்தம், சின்ன வயதிலிருந்தே தினமும் ஊசி என்று மெதுவாகச் சொன்னார். இது பெரியவர்களுக்கு வருகிற மாதிரியானதல்ல, வேறு வகை என்றார். நான் தலையை ஆட்டினேன். என்னிடம் இருக்கிற வருத்தத்தின் சின்ன அளவு போலும் என்றுதான் என் மண்டையில் ஏறியது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. பாடசாலை நேரத்தில் சீனி கூடுவதைவிடக் குறைவதுதான் ஆபத்தாம். மகளுக்கு வியர்த்துக் கொட்டினால், பிடிவாதம் பிடித்தால், சம்பந்தமில்லாமல் கதைத்தால், உடனே அவளுடைய பையில் கிடக்கிற டொபியோ சீனித் தண்ணீரோ கொடுக்க வேண்டுமாம். சீனியைக் கண்டால் ஓடு என்று ஆயுள் முழுக்கக் கேட்டு வளர்ந்த எனக்கு, சீனிக்காரப் பிள்ளைக்குச் சீனி கொடுங்கள் என்று ஒரு தாய் கெஞ்சுவது விளங்கவேயில்லை. அடையாளங்களும் அப்படித்தான். கல்முனை வெயிலில் மின்விசிறி ஓடாத வகுப்பில் வியர்க்காத பிள்ளை எங்கே இருக்கிறது? பதின்மூன்று வயதில் பிடிவாதம் பிடிக்காதது எது? சம்பந்தமில்லாமல் கதைப்பதென்றால் என் வகுப்பில் முழுப் பேருக்கும் சீனித் தண்ணீர் கரைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. நாளைக்குக் கலியாணம் பேசுகிற காலத்தில் ஊர் அதைத்தான் முதலில் கதைக்கும் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது சரியென்று தெரியாமல் ஓம் என்று தலையாட்டினேன்.

முதல் சில வாரங்கள் அவர் வீட்டுக்குப் போகவேயில்லை. கேற்றுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து, மடியில் ஒரு அபாயாவை வைத்து மணி தைத்துக்கொண்டே வகுப்பைப் பார்த்தபடி இருந்தார். ஒரு தாய்க்கு இடம் கொடுத்தால் எல்லாத் தாய்மாரும் வந்து குந்துவார்கள் என்று பாடசாலை அதிபர் முகம் சுளித்தார். பிள்ளைக்கும் வெட்கம். உம்மா ஏன் வந்து இருக்கிறா என்று தோழிகள் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நான்தான் போய், நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சில மாதங்கள் ஒரு குறையுமில்லாமல் போயின. நோன்பு மாதத்தில் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் அந்தச் சிக்கலும் என் தலையில் விழவில்லை. ஆனால் முஹர்ரம் மாதத்து ஆஷூரா நோன்பு பாடசாலை நாளில் வந்தது.

அன்று காலை மூன்றாம் பாடம் என்னுடையது. வகுப்பே வாடிப்போய் இருந்தது. யாரெல்லாம் நோன்பு என்று கேட்டேன். எல்லோரும் நோன்பு டீச்சர், பின்னேரம் ஒரே வீட்டில் நோன்பு திறக்கப் போகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். மேசையில் தலை வைத்துப் படுத்திருந்த அந்தப் பிள்ளையும் தலையைத் தூக்கி ஆமாம் என்பதுபோல் ஆட்டினாள். 

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். கையைப் பிடித்தால் ஈரமும் குளிருமாக இருந்தது. காலையில் ஊசி போட்டாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். சாப்பிட்டாயா என்றேன். முகத்தைத் திருப்பினாள். ஒருநாளும் குரல் உயர்த்தாத பிள்ளை, கையை உதறிக்கொண்டு, “எனக்கு ஒண்டுமில்ல, உடுங்க என்ன” என்று சீறினாள். பிறகு, கரும்பலகையை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று என்னவோ சொன்னாள். அவளைத் தாங்கிப் பிடித்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன்.

சீனி வேண்டும் என்று கத்தினேன். அப்போதுதான் எல்லோரும் மேசையைப் பார்த்தோம். சீனி இல்லை. பெரும்பாலானோர் நோன்பு என்பதால் சிற்றுண்டிச்சாலையும் அன்று பூட்டு. பிள்ளையின் பையைக் கொட்டினேன். எப்போதும் கிடக்கிற டொபிகள் ஒன்றுகூட இல்லை. காலைச் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் மூடியது மூடியபடி இருந்தது. பாடசாலையில் சாப்பிடுகிறேன் என்று உம்மாவை ஏமாற்றியிருக்கிறாள் என்று விளங்கியது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது பிட்டும் முட்டையும். அதை விழுங்க வைக்க முடியாது.

கணித ஆசிரியைதான் பதறாமல் நின்றார். கேத்தலில் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, டப்பாவைத் திறந்து, ஒரு கை நிறையக் குளிசைகளைப் போட்டுக் கலக்கி என்னிடம் நீட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பிள்ளை பல்லை இறுக்கிக்கொண்டு, “நோன்பு டீச்சர்” என்றாள். ஒரு கணம் என் கை நின்றுவிட்டது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஒரு பிள்ளையின் நோன்பை என் கையால் முறிப்பதற்கு மனம் கூசியது. பிறகு அவளுடைய தாடையைப் பிடித்துக் கெஞ்சிக் கூத்தாடி முழுவதையும் குடிக்க வைத்தேன்.

காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள் என்று அவளுடைய உம்மா சொல்லியிருந்தார். தெளியவில்லை. கண்கள் செருகத் தொடங்கின, பேச்சுக் குழறியது. தண்ணீர் இனிக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, மிச்சம் கிடந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். நானும் நோன்புதான். வெல்லப்பாணிபோல் இனித்தது. இவ்வளவு இனிப்புக் கொடுத்தும் ஏன் இப்படி?

“அப்ப இது குறைஞ்ச சீனியில்ல, கூடின சீனி. இதுக்கு மேல ஒண்டும் குடுக்காதீங்க, புள்ளைய சாவடிச்சிப் போடுவீங்க” என்றார் கணித ஆசிரியை. அவருடைய வாப்பாவும் சீனி கூடித்தான் இப்படி மயங்கினாராம். சுற்றி நின்றவர்கள் ஓம், அப்படித்தான் என்றார்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. இனிப்புக் கொடுத்தோம், எழும்பவில்லை, ஆகவே இனிப்புத்தான் காரணம். இனிமேல் கொடுத்தால் நான் கொன்றதாகிவிடும், கொடுக்காவிட்டாலும் நான் கொன்றதாகிவிடுமோ? கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு குழம்பி நின்றதில்லை.

யாரோ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். நான் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தையல் மெஷின் சத்தம் கேட்டது, உடனே நின்றது. நடந்ததைச் சொன்னேன். இனிப்புத் தண்ணீர் கொடுத்தும் சரிவரவில்லை, இவர்கள் சீனி கூடியிருக்கிறது என்கிறார்கள் என்றேன்.

“என்ன சீனி போட்ட டீச்சர்?”

“நாங்க தேத்தண்ணிக்குப் போடுற குளிச. இஞ்ச வேற சீனி இல்ல.”

 அவர் மிக நிதானமாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார். “அது நாக்குக்கு மட்டும்தான் டீச்சர். அதுல சீனி இல்ல. நல்ல சீனி குடுங்க. சுணங்காதீங்க. நான் வாறன்.”

அந்த டப்பாவைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன். உடம்பில் சீனி ஏற்றாது என்று வாய் வலிக்கச் சொன்னவளும் நானேதான். ஏற்றாது என்றால் ஏற்றாதுதானே. அது அந்த நேரத்தில் எங்கள் ஒருவருடைய மண்டையிலும் ஓடவில்லை.

கேற்றுக்கு எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் தராசைத் தேடினார். நான் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி, பர்தாவின் முந்தியில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினேன். வீதியில் பஸ்காரன் ஹோன் அடித்து ஏசிக்கொண்டு போனான். அதே கோப்பையில் சீனியைக் கொட்டிக் கலக்கி, நல்லவேளையாக இன்னும் விழுங்கக்கூடிய நிலையில் இருந்த பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். கணித ஆசிரியைதான் இம்முறை அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டார். 

ஆட்டோ வந்து நிற்கும்போது பிள்ளை கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்டாள்.  கோப்பையைப் பார்த்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது. தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். சாகப் பார்த்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து அணைத்தேன். நோன்பு போய்விட்டதே, இனிப் பின்னேரம் என்ன சொல்லிக்கொண்டு தோழிகளோடு போவேன் என்றுதான் அவள் அழுதாள். அடிக்கலாமா, முத்தமிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டேன்.

உம்மா வந்து சேர்ந்தார். அபாயாவில் நூல் துண்டுகள் ஒட்டியபடியே இருந்தன. வந்ததும் மகளின் விரலில் குத்தி, கையோடு கொண்டுவந்த சீனி அளக்கிற மெஷினில் பார்த்தார். பெட்டியிலிருந்த பிட்டைப் பிசைந்து ஊட்டினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணித ஆசிரியை அருகில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரவாயில்லை என்பதுபோல் உம்மா தலையசைத்தார். ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்றார்.

கேற்றுவரைக்கும் கூடப் போனேன். ஆட்டோவில் ஏறுமுன் அவர் திரும்பினார்.

“நாளைக்கு அனுப்பவா டீச்சர்? இல்லாட்டி வீட்டிலயே வெச்சிக்கிடவா? நீங்க செல்லுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு முந்தியது. எனக்கு இந்த வருத்தம் விளங்கவில்லை, விளங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், இனி உங்கள் பிள்ளையை என்னிடம் தராதீர்கள் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் பிள்ளை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

அனுப்புங்கள் என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“உங்களுக்குப் பயம் போல.”

“ஓம். பயமாத்தான் இரிக்கி.”

அவர் என் கையைப் பிடித்தார். வந்ததிலிருந்து முதல்தடவையாக அவருடைய கண் கலங்கியது. “அனுப்புறன் டீச்சர். இவ்வளவு காலமும் நான் தனியத்தான் பயந்துக்கிட்டு இருந்த” என்றார். பிறகு பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.