மேளக்காரச் சிப்பாய் படுத்த நாள்

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில், மேல்படியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஓர் ஈயச் சிப்பாய் நிற்கிறான். சுண்டுவிரல் உயரம். கழுத்தில் தொங்கும் மேளம், இரண்டு கையிலும் குச்சி. சுண்டல் வாங்க வருகிற பெண்கள், "இது எந்தச் சாமிங்க?" என்று கேட்பார்கள். சாமி இல்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். என் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது; கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளை. ஈயம் உடம்புக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்துதான் சிப்பாயை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். வைத்த பிறகு, அவ்வளவு உயரத்திலிருந்து அவன் தலைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. நான் இப்படித்தான். எதையும் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பத்து வயதில் ஒரு நாள் மட்டும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன்.

அப்பா அப்போது இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டீமேக்கர்; கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோர் அவர் பொறுப்பு. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் எங்கள் குவாட்டர்ஸ். அங்கிருந்து சைப்ரஸ் மரங்கள் நிற்கும் பாதையில் ஏறினால் பெரிய துரையின் பங்களா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பொம்மத் தொரை'. அவர் காதில் விழாத தூரத்தில்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பங்களாவில் பச்சைத் துணி விரித்த ஒரு பெரிய மேசை இருந்தது. அதன்மேல் ஈயச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். எல்லாம் சீமையிலிருந்து வெறும் ஈயமாகப் பெட்டியில் வரும். துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மயிர்போன்ற தூரிகையால் ஒவ்வொருவனுக்கும் சட்டை, பொத்தான், மீசை வரைவார். என்றோ நடந்த சண்டைகளை அந்த மேசையில் மறுபடியும் நடத்துவார். இதற்கென்றே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூன்று கிழட்டுத் துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருவார்கள். நால்வரும் மேசையைச் சுற்றி நின்று, வென்றது யார், தோற்றது யார் என்று சாயங்காலம் வரை வாதாடுவார்களாம்.

சுதந்திரம் கிடைத்த பிறகு அந்த மூவரில் ஒருவர் தோட்டத்தை விட்டுவிட்டுக் கப்பலேறிச் சீமைக்குப் போனார். இன்னொருவர் மாதா கோயில் பின்புறத்துக் கல்லறைக்குப் போனார். மீதியிருந்தவருக்குக் கை நடுக்கம். குதிரையை நகர்த்தப் போனால் ஒரு படையே சரியும். பங்களாவில் சமைக்கும் அப்பு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதை அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். "வெள்ளக்காரன் ராச்சியம் எப்பிடிப் போச்சுன்னு கேக்காதீங்கக்கா. அந்தக் கிழட்டுத் தொரை கை பட்டுத்தான் போச்சு."

துரைக்கு இது சிரிப்பாக இல்லை. தங்களுக்குப் பிறகு இந்தப் பட்டாளத்தை யார் கவனிப்பார்கள் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் அவருக்கு உதவியாகப் புதிதாக வந்திருந்த சின்னத் துரையைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம் மேசையைப் பார்த்துவிட்டு, டென்னிஸ் ஆட கிளப்புக்குப் போய்விட்டார். பிறகுதான் துரைக்கு எங்கள் நினைவு வந்தது. கிளாக்கர், டீமேக்கர், கண்டாக்கு என்று தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை பிற்பகல் பங்களாவுக்கு வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

முதலில் போனவர்கள் பையன்கள். என் அண்ணனும் தலையில் எண்ணெய் வழிய, சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனான். கேக் தின்றுவிட்டு வந்தான். அடுத்த சனிக்கிழமையும் போனான். மூன்றாவது சனிக்கிழமை வயிற்றுவலி வந்துவிட்டது.

"ஏண்டா, தொரையே கூப்பிடுறாரு, போக மாட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"தொட விடமாட்டேங்கிறாரும்மா. பொம்மைய வச்சுக்கிட்டு வெளையாடக் கூடாதாம். பாக்கணுமாம். காலையில பெரட்டுல வேலைக்கு நிக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

இப்படி ஒவ்வொரு பையனுக்கும் ஒவ்வொரு வலி வந்து, பங்களாப் பாதை வெறிச்சோடியது. அப்பாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் என்னை அட்டன் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் விடுதியோடு சேர்க்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. தோட்டத்துப் பிள்ளையை அங்கே சுலபமாக எடுக்க மாட்டார்கள். துரை போனில் ஒரு வார்த்தை சொன்னால் எடுப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என்னை அனுப்பினார்.

"ஒன்னய மாதிரி ஒரு நல்ல புள்ள இருக்குதுன்னு அவருக்குத் தெரியணும். என்ன சொன்னாலும் 'எஸ் சார்' சொல்லு. கைய மட்டும் பின்னால கட்டிக்க. எதையாவது தொட்டே, அட்டனும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல."

"கேக்கு குடுத்தா ஒரு துண்டு. ரெண்டாவது வேணாம்னு சொல்லணும்" என்றாள் அம்மா.

"இவ பட்டாளத்துல சேரப் போறா" என்று அண்ணன் சலாம் வைத்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் போனேன். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று எனக்கு அப்போதே பெயர்.

பல சனிக்கிழமைகள் போனேன். துரையின் தமிழ், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ். வேலை ஏவுவதற்காகப் படித்தது. அதில் வா, போ, நில்லு, வெட்டு, தூக்கு எல்லாம் உண்டு. கதை சொல்ல வேண்டிய சொற்கள் இல்லை. "பாரு. இவன் குதிரை. ஓடு, ஓடு. அவன் பீரங்கி. சுடு. இவன் சண்டை போச்சு. செத்துப் போச்சு" என்று, பெரிய பெரிய யுத்தங்களை எல்லாம் எனக்குக் கட்டளைகளாகவே சொன்னார். செத்துப் போனவனை விரலால் மெல்லத் தள்ளிச் சாய்ப்பார். மேசையில் படுத்திருப்பவன் செத்தவன். அது அந்த மேசையின் சட்டம். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. "எஸ் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் முறைத்துக்கொண்டு சண்டை போட, மேசையின் ஓரத்தில் ஒருவன் மட்டும் தனியாக நின்றான். மேளக்காரன். அவனை எந்தச் சண்டையிலும் துரை நகர்த்தவில்லை. மற்றவர்களுக்கு மீசை முதற்கொண்டு அத்தனை அழகாக வரைந்திருக்க, இவனுக்குச் சிவப்புச் சட்டையின் சாயம் கழுத்துக்கு ஏறியிருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அண்ணன் சிலேட்டில் வரைகிற முகம் மாதிரி இருந்ததால் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. விடிகாலையில் லயத்துச் சனங்களை எழுப்பத் தப்பு அடிப்பார்களே, அந்த வேலைதான் இவனுக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை முடிந்து, விசயதசமி அன்று சாயங்காலம் அம்மா முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீ படுக்க வை" என்றாள். கொலு முடிந்தால் ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். ஒன்று தூங்கினால் எல்லாம் தூங்கினதாகக் கணக்கு. அப்புறம் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த வருடம் குறையில்லாமல் எழுந்து வரும். அதைச் செய்ய நான் பெரியவளாகிவிட்டேன் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பங்களாவுக்குப் போனபோது கைநடுங்கித் துரையும் வந்திருந்தார். அன்று பெரிய சண்டை ஒன்றை நடத்தினார்கள். இடையிடையே துரை என்னைக் காட்டிக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். பார், நமக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறது என்று சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கிழவரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது நடுக்கமா, சம்மதமா என்று தெரியவில்லை.

சண்டை முடிந்து இருவரும் வராந்தாவுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் மட்டும் மேசைக்கருகில் நின்றேன். சன்னலுக்கு வெளியே மிஸ்ட் இறங்கி, தேயிலை மலை மறைந்துகொண்டிருந்தது. மேசையில் பாதிப் பேர் சரிந்து கிடந்தார்கள். மீதிப் பேர் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றார்கள். துரை சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். இவர்கள் இப்படியே நின்றுகொண்டிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களை யாரும் முறையாகத் தூங்க வைக்கவில்லை.

பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தேன். எல்லாரையும் எழுப்புகிறவன் அவன். அவன் தூங்கினால் மற்றவர்களும் தூங்கலாம். மேளக்காரனை இரண்டு கையாலும் எடுத்து, மேளம் உறுத்தாதபடி மல்லாக்கப் படுக்க வைத்தேன். பாவாடைப் பையிலிருந்த கைக்குட்டையை மடித்து மார்பு வரைக்கும் போர்த்தினேன். குளிராயிருந்தது.

திரும்பி வந்ததும் முதலில் பார்த்தவர் கைநடுங்கித் துரை. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், சின்னக் குரலில். கையில் தட்டோடு வந்த அப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். பெரிய துரை மேசைக்குக் கிட்ட வந்து குனிந்தார். அவர் முகம் காதுவரைக்கும் சிவந்தது. அட்டன் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இவன் செத்துப் போச்சு?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவர் என்னிடம் கேள்வி என்று ஒன்று கேட்டதே இல்லை.

"இல்லீங்க தொரை. தூங்குது. சாமி பொம்மைய இப்பிடித்தான் தூங்க வைப்போம்."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்திரிக்குமா?" என்றார்.

"எந்திரிக்கும்ங்க தொரை. அடுத்த வருஷம் எந்திரிச்சு வந்துரும்."

அப்பு என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வழக்கமாக வாசலில் ஏதாவது கிண்டல் சொல்கிறவர், அன்று, "வீட்டுக்குப் போ தாயி" என்றதோடு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் எதையும் மறைக்க எனக்குத் தெரியாது. அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். "தொடாதேன்னுதானே சொன்னேன்" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லி அவருக்கு ஆள் வந்தது. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. துரை அப்பாவின் முன்னாலேயே அட்டனுக்குப் போன் போட்டுப் பேசினாராம். தை மாதம் பள்ளிக்குப் போகலாமாம்.

"இத்தனை சனிக்கிழமையும் கையக் கட்டிக்கிட்டு ஒழுங்கா நின்னதுக்குத்தான்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை அழைப்பு நின்றுபோனது. நான் விடுதியிலிருந்து இரண்டாவது லீவுக்கு வந்தபோது துரை தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். பட்டாளம் தேயிலைப் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலுக்குப் போனது. அவருடைய நாட்டிலாவது அதை நின்று பார்க்கப் பிள்ளைகள் கிடைத்தார்களா, தெரியாது. அப்பு எங்கள் வீட்டுக்கு வந்து, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். "பாப்பாகிட்ட குடுக்கச் சொன்னாரு." உள்ளே மேளக்காரன். என் கைக்குட்டை துவைத்து மடித்திருந்தது.

அன்றைக்குத்தான் அப்பு சொன்னார். துரைக்கு ஒரே மகன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து அவன் சாயம் பூசிய ஒரே சிப்பாய் அதுதான். மகன் வளர்ந்து, நிஜப் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாச் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. துரைசாணி அதன்பிறகு கப்பலேறிப் போனவள்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாவம் என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது விசயதசமிக்கு நான் மரப்பாச்சியைத்தான் படுக்க வைக்கிறேன். மேளக்காரனை நிற்க வைத்தபடியே ஈயத்தாளில் சுற்றி எடுத்துவிடுவேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டால், சாயம் உரியும் என்று சொல்வேன். பக்கத்தில் மகன் காய்ச்சலில் படுத்திருக்கும் நாட்களில் அந்தப் பெட்டி இருக்கும் பக்கமே பார்க்கமாட்டேன்.

அன்று அந்த மேசைக்கருகில் துரை அந்தக் கேள்வியை ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. நான் பதில் சொன்ன பிறகும், இன்னும் கொஞ்சம் குனிந்து, என் முகத்துக்கு நேராக, "எந்திரிக்குமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். என் தமிழ் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நான் அதையே இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.